உலகின் 2-வது டெஸ்ட் டியூப் குழந்தை பிறந்தது கொல்கத்தாவில்... நம்ப மறுத்த அரசு! யார் இந்த டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்?

உலகின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை யார்? க்விஸ் போட்டிகளில் அடிக்கடி வரும் கேள்வி. 1978 ஜூலை 25-ம் தேதி இங்கிலாந்தில் பிறந்த லூயிஸ் பிரவுன் என்று பலரும் டக்குனு சொல்லிடுவாங்க. சரி, இரண்டாவது குழந்தை?

லூயிஸ் பிறந்து 70 நாளில், 1978 அக்டோபர் 3-ம் தேதி கொல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஊரே துர்கா பூஜைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அதனால் குழந்தைக்கு துர்கா என்று செல்லப்பெயர். உலகின் இரண்டாவது, இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை அவர்தான்.

ஆனால் இந்தப் பெருமை அந்தக் குழந்தைக்குக் கிடைக்க 20 வருஷத்துக்கு மேல் ஆனது. அதற்குக் காரணமான டாக்டருக்கோ உயிரோடு இருந்தவரை கிடைக்கவே இல்லை. அவரது பெயர் சுபாஷ் முகோபாத்யாய். சுபாஷ் முகர்ஜி என்றும் சொல்வார்கள்.

அவர் அப்படி என்ன செய்தார்? அரசு ஏன் நம்பவில்லை? இன்று ஐ.வி.எஃப் சிகிச்சைக்குப் போகும் ஒவ்வொரு தம்பதிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

ஹசாரிபாக் முதல் எடின்பரோ வரை

சுபாஷ் பிறந்தது 1931 ஜனவரி 16-ம் தேதி, ஹசாரிபாக் நகரில். அன்று பீகாரில் இருந்த அந்த ஊர் இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் இருக்கிறது. கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் உடலியங்கியல் படித்தார். பிறகு கல்கத்தா நேஷனல் மெடிக்கல் காலேஜில் எம்.பி.பி.எஸ். 1955-ல் டாக்டர் ஆனார்.

டாக்டர் பட்டம் வாங்கியதும் க்ளினிக் வைத்து செட்டில் ஆகவில்லை. குழந்தை எப்படி உருவாகிறது, உடலில் சுரக்கும் ஹார்மோன்கள் அதை எப்படி நடத்துகின்றன என்ற கேள்விதான் அவரைப் பிடித்துக்கொண்டது. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இனப்பெருக்க உடலியங்கியலில் 1958-ல் பிஎச்.டி முடித்தார். அதோடு நிற்காமல் பிரிட்டன் போய் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1967-ல் இன்னொரு பிஎச்.டி.

எடின்பரோவில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஜான் லொரைன். மனித உடலில் ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்பதை அளந்து சொல்லும் துறையில் அன்று பெரிய பெயர். கருமுட்டையை முதிர வைப்பது ஹார்மோன் என்றால், அந்த ஹார்மோனை அளக்கத் தெரிந்தவருக்கு முட்டை எப்போது தயாராகும் என்பதையும் கணிக்க முடியும். பின்னாளில் சுபாஷ் செய்த வேலைக்கு அஸ்திவாரம் இங்கேதான் போடப்பட்டது.

வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் அவர் 1967-லேயே ஊர் திரும்பி, கொல்கத்தா என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கினார். 1975-ல் பாங்குரா சம்மிலானி மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். பாங்குரா கொல்கத்தாவிலிருந்து சுமார் 200 கி.மீ தூரம். ஆராய்ச்சிக் கூட்டாளிகள் இருந்ததோ கொல்கத்தாவில். வேலை ஒரு ஊர், ஆராய்ச்சி ஒரு ஊர் என்று ஓடிக்கொண்டிருந்தார்.

கருமுட்டை முதிர்வது என்றால் என்ன?

சுபாஷ் செய்தது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, முதலில் கருமுட்டையைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அவள் சினைப்பைகளில் சுமார் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். ஆனால் அவை முழுமையான முட்டைகள் அல்ல. தாயின் வயிற்றில் இருக்கும்போதே வளர்ச்சியை பாதியில் நிறுத்திவிட்டுத் தூங்கும் முட்டைகள். அந்தத் தூக்கம் சில முட்டைகளுக்கு 20 வருஷம், சில முட்டைகளுக்கு 40 வருஷம்.

வயதுக்கு வந்த பிறகு, மாதாமாதம் சில முட்டைகள் மட்டும் வளரும். ஒவ்வொரு முட்டையும் ஃபாலிக்கிள் எனப்படும் நீர் நிரம்பிய சின்னப் பைக்குள் இருக்கும். வழக்கமாக அதில் ஒன்றுதான் கடைசி வரை போகும். மற்றவை அழிந்துவிடும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எல்.ஹெச் என்ற ஹார்மோன் திடீரென்று எகிறும்போதுதான் அந்த ஒரு முட்டை தூக்கம் கலைந்து கடைசிக் கட்ட முதிர்ச்சிக்குப் போகிறது. அதற்கு ஏறக்குறைய 36 மணி நேரம் ஆகும்.

இந்த முதிர்ச்சியில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, முட்டையின் உட்கருவில் இருக்கும் குரோமோசோம்களில் பாதி வெளியேற்றப்பட வேண்டும். அப்போதுதான் விந்தணு கொண்டுவரும் பாதியோடு சேர்ந்து கணக்கு சரியாகும். இன்னொன்று, உட்கருவைச் சுற்றியுள்ள திரவப் பகுதி தயாராக வேண்டும். சக்தி கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியா, புரதம் செய்வதற்கான குறிப்புகள் எல்லாம் அங்கேதான் சேமிக்கப்படுகின்றன.

இந்த இரண்டாவது வேலைதான் கருவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஏன் தெரியுமா? விந்தணு சேர்ந்த பிறகு கரு இரண்டு செல், நான்கு செல், எட்டு செல் என்று பிரியும். முதல் மூன்று நாளைக்கு கருவின் சொந்த மரபணுக்கள் பெரிதாக வேலையே செய்வதில்லை. முட்டை சேர்த்து வைத்த சேமிப்பில்தான் வண்டி ஓடுகிறது. சேமிப்பு குறைவாக இருந்தால் கரு நடுவழியிலேயே நின்றுவிடும்.

மாம்பழத்தை வைத்துப் பார்த்தால் ஈஸியா புரியும். மரத்தில் விளைந்து கனிந்த பழம் ஒரு ரகம். கார்பைடு கல் வைத்து அவசரமாகப் பழுக்க வைத்தது இன்னொரு ரகம். தோல் மஞ்சளாக இருக்கும், கடித்தால் உள்ளே காய். கருமுட்டையும் அப்படித்தான். மைக்ராஸ்கோப்பில் முதிர்ந்த மாதிரி தெரியும், விந்தணுவோடு சேரக்கூட செய்யும். ஆனால் உள்ளே தயாராக இல்லாவிட்டால் கரு வளராது.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

இந்தப் பிரச்சினையில்தான் லூயிஸ் பிரவுனை உருவாக்கிய விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ் பல வருஷம் முட்டிமோதினார்.

மனித முட்டை உடலுக்கு வெளியே 12 மணி நேரத்தில் முதிர்ந்துவிடும் என்று 1930-களில் அமெரிக்க விஞ்ஞானி கிரிகோரி பிங்கஸ் சொல்லியிருந்தார். எட்வர்ட்ஸ் சோதித்துப் பார்த்தார். 12 மணி நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. விடாமல் காத்திருந்து பார்த்தபோதுதான், 36 மணி நேரத்தை ஒட்டித்தான் மனித முட்டை முதிர்கிறது என்று தெரிந்தது. 1965-ல் அதை வெளியிட்டார்.

ஆனால் அப்படி லேப் டிஷ்ஷில் முதிர வைத்த முட்டைகளிலிருந்து வந்த கருக்கள் சரியாக வளரவில்லை. அதே மாம்பழப் பிரச்சினை. முட்டை உடலுக்குள்ளேயே, தன் ஃபாலிக்கிளுக்குள் இருந்தபடியே முதிர வேண்டும், அதன்பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அதற்காகத்தான் லேப்ராஸ்கோப்பி நிபுணரான பேட்ரிக் ஸ்டெப்டோவோடு கைகோத்தார். வயிற்றில் சின்ன துளை போட்டு, கருவியை உள்ளே விட்டு முட்டையை எடுக்கும் முறை அது.

ஒரே மாதத்தில் பல முட்டைகள் கிடைக்க ஹார்மோன் ஊசியும் போட்டார்கள். முட்டைகள் கிடைத்தன, கருக்களும் உருவாகின. ஆனால் கர்ப்பம் நிற்கவில்லை. முட்டையை வளர்க்கப் போட்ட ஹார்மோன், கருப்பையின் உள்சுவர் தயாராகும் நேரத்தைக் குழப்பிவிட்டது என்று தெரிந்தது. ஒரு பக்கம் முட்டை ரெடி, இன்னொரு பக்கம் கருப்பை ரெடி இல்லை.

கடைசியில் அவர்கள் ஹார்மோன் ஊசியையே கைவிட்டார்கள். லூயிஸின் தாய்க்கு இயற்கையாக முதிர்ந்த ஒரே ஒரு முட்டையை எடுத்துத்தான் வெற்றி பெற்றார்கள். 1969 முதல் 1978 வரை 282 பெண்கள் இந்த முயற்சியில் பங்கேற்றார்கள். அதில் 112 முறை கருவைக் கருப்பையில் வைக்கும் கட்டம் வரை போனது. கர்ப்பமானது 5 முறை. பிறந்த குழந்தைகள் இரண்டே இரண்டு. எவ்வளவு கஷ்டமான வேலை என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

சுபாஷ் எடுத்த 3 முடிவுகள்

இங்கிலாந்து டீம் முட்டிய அதே சுவரில் முட்டாமல், சுபாஷ் வேறு பாதையில் போனார். அவரோடு இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுனித் முகர்ஜி. குளிரில் உறையவைத்துப் பாதுகாக்கும் தொழில்நுட்பம் அவர் துறை. இன்னொருவர் மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா.

அவர்களிடம் சிகிச்சைக்கு வந்த பெண்ணுக்குக் கருக்குழாய்களில் பாதிப்பு. முட்டையும் விந்தணுவும் உடலுக்குள் சந்திக்க வழியில்லை. அங்கே சுபாஷ் எடுத்த முடிவுகள் மூன்று.

முதல் முடிவு: முட்டையை உடலுக்குள்ளேயே முதிர வைப்பது, ஆனால் ஹார்மோன் ஊசியின் உதவியோடு. ஹெச்.எம்.ஜி என்ற மருந்தைப் பயன்படுத்தினார். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஹார்மோன் அது. அந்தக் காலத்தில் இந்த மருந்துக்காக இத்தாலியில் கன்னியாஸ்திரி மடங்களிலிருந்து கூட சிறுநீர் சேகரித்தார்கள். இந்த ஊசியைப் போட்டால் ஒரே மாதத்தில் பல ஃபாலிக்கிள்கள் வளரும். இங்கிலாந்து கைவிட்ட வழியை சுபாஷ் தைரியமாக எடுத்தார்.

இரண்டாவது முடிவு: முட்டையை வயிறு வழியாக எடுக்காமல், பிறப்புறுப்பு வழியாக எடுப்பது. பின்பக்கச் சுவரில் சிறிய கீறல் போட்டு, சினைப்பையை அடைந்து முட்டையை உறிஞ்சி எடுக்கும் முறை.

மூன்றாவது முடிவுதான் எல்லாவற்றையும் விடப் பெரியது. உருவான கருவை உடனே கருப்பையில் வைக்கவில்லை. டி.எம்.எஸ்.ஓ என்ற ரசாயனத்தைப் பாதுகாப்பாகச் சேர்த்து உறையவைத்தார்கள். 53 நாள் கழித்து உருக வைத்து, பிந்தைய ஒரு மாதவிடாய் சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார்கள்.

ஏன் இப்படி? ஹார்மோன் ஊசி முட்டைக்கு நல்லது செய்தது, கருப்பையைக் குழப்பியது. இரண்டையும் ஒரே மாதத்தில் சரிக்கட்ட முடியாது. அப்போ, முட்டைக்கு ஒரு மாதம், கருப்பைக்கு வேறு ஒரு மாதம் என்று பிரித்துவிட்டால்? நடுவில் இருக்கும் நாட்களில் கரு குளிரில் காத்திருக்கட்டும். இங்கிலாந்து டீமின் சிக்கலுக்கு அவர் கண்டுபிடித்த விடை இதுதான்.

உறையவைத்த மனிதக் கருவிலிருந்து குழந்தை பிறந்ததாக அதற்கு முன் உலகில் எங்கேயும் பதிவு இல்லை. இந்த வேலையைப் பற்றிய சிறு அறிக்கை, 1978-லேயே கிரையோஜெனிக்ஸ் துறைக்கான ஓர் இந்திய ஆய்விதழில் மூவர் பெயரிலும் வெளியானது.

விசாரணைக் கமிட்டி

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. செய்தி பத்திரிகைகளில் வந்தது. சுபாஷுக்கு அப்போது வயது 47. வாழ்க்கையின் உச்சம் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் நடந்ததே வேற.

இங்கிலாந்திலேயே இத்தனை வருஷம் ஆனது, பாங்குராவில் வேலை பார்க்கும் ஒரு பேராசிரியர் எப்படி சாதித்தார் என்று சந்தேகம் கிளம்பியது. சக மருத்துவர்கள் சிலரே நம்பவில்லை. மேற்கு வங்க அரசு 1978 நவம்பரில் ஒரு விசாரணைக் கமிட்டியை அமைத்தது.

கமிட்டிக்குத் தலைமை ஒரு கதிர் இயற்பியலாளர். மற்ற உறுப்பினர்களும் வெவ்வேறு துறையினர். டெஸ்ட் டியூப் குழந்தை சிகிச்சையை செய்து பார்த்த அனுபவம் அதில் ஒருவருக்கும் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. ஏனென்றால் இந்தியாவில் அதைச் செய்து பார்த்த டீம் குற்றம் சாட்டப்பட்டு எதிரில் உட்கார்ந்திருந்தது.

சுபாஷ் தரப்பிலும் ஒரு பலவீனம் இருந்தது. குழந்தையின் குடும்பம் வெளியே வர விரும்பவில்லை. குழந்தை இல்லை என்றாலே பெண்ணைக் குறை சொல்லும் காலம். டெஸ்ட் டியூபில் பிறந்த குழந்தை என்று தெரிந்தால் ஊர் என்ன பேசும் என்ற பயம் எந்தக் குடும்பத்துக்கும் இருக்கும். அவர்களின் அடையாளத்தைக் காப்பாற்றுவது டாக்டராக சுபாஷின் கடமை. அதுவே அவருக்கு எதிராகவும் திரும்பியது. ஆதாரம் எங்கே என்று கேட்டவர்களிடம் அந்தக் குடும்பத்தைக் கொண்டுவந்து நிறுத்த அவரால் முடியவில்லை. உலகம் முழுக்கப் படிக்கப்படும் மருத்துவ இதழ் எதிலும் விரிவான கட்டுரை வந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும். அதற்கும் அவகாசம் இல்லை.

அவர் சொல்வது நம்பும்படி இல்லை என்று கமிட்டி முடிவு கட்டியது. ஹார்மோன் ஊசி, பிறப்புறுப்பு வழி, உறையவைத்த கரு என அவர் சொன்ன மூன்றுமே லூயிஸ் பிறந்த முறையோடு ஒத்துப்போகவில்லை. தெரிந்த ஒரே வெற்றிக் கதையோடு ஒத்துப்போகாத கதை பொய்யாகத்தான் தெரிந்தது.

ஜப்பான் அழைத்தது, அனுமதி கிடைக்கவில்லை

உள்ளூரில் நம்பாவிட்டாலும் வெளியே கவனித்தார்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து 1979-ல் அழைப்பு வந்தது. தன் வேலையை உலக விஞ்ஞானிகள் முன்னால் வைத்து விளக்க நல்ல வாய்ப்பு. ஆனால் அரசு ஊழியரான அவருக்கு வெளிநாடு போக அனுமதி மறுக்கப்பட்டது.

நிபுணர்கள் முன்னால் போய் நின்றிருந்தால், கேள்வி கேட்டிருப்பார்கள், தப்பு இருந்தால் சுட்டியிருப்பார்கள், சரியாக இருந்தால் செய்து பார்த்திருப்பார்கள். எந்த ஆராய்ச்சியும் அப்படித்தான் நிரூபணமாகும். அந்தக் கதவு மூடப்பட்டது.

கேலியும் அவமானமும் தொடர்ந்தன. மாரடைப்பு வந்து உடல்நிலையும் மோசமானது. 1981 ஜூன் மாதம் ஒரு இடமாற்ற உத்தரவு வந்தது. கொல்கத்தாவில் உள்ள கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றம். வாழ்நாள் முழுக்க கருமுட்டையையும் ஹார்மோனையும் ஆராய்ந்தவருக்குக் கண் மருத்துவத் துறையில் வேலை. ஆராய்ச்சிக்குத் திரும்பும் வழி இனி இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

1981 ஜூன் 19-ம் தேதி, கொல்கத்தாவில் உள்ள தன் வீட்டில் சுபாஷ் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 50. அவர் கையால் உருவான துர்காவுக்கு அப்போது மூன்று வயதுகூட நிரம்பவில்லை.

உலகம் அதே பாதையில் நடந்தது

இதற்குப் பிறகு நடந்தவைதான் கதையின் வேதனையான பகுதி.

அவர் இறந்த அதே வருஷம், 1981 டிசம்பரில் அமெரிக்காவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை எலிசபெத் கார் பிறந்தார். ஹார்மோன் ஊசி போட்டு முட்டைகளை முதிர வைத்துத்தான் அந்த வெற்றி கிடைத்தது. ஹெச்.எம்.ஜி-தான் மருந்து.

1984-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஸோயி லேலாண்ட் பிறந்தார். உறையவைத்த கருவிலிருந்து பிறந்த உலகின் முதல் குழந்தை என்று உலகமே கொண்டாடியது. துர்கா அதற்கு ஐந்தரை வருஷம் முன்பே பிறந்தவர்.

1980-களின் நடுவில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்துக்கொண்டே பிறப்புறுப்பு வழியாக ஊசியால் முட்டையை எடுக்கும் முறை வந்தது. லேப்ராஸ்கோப்பி மெல்ல ஓரங்கட்டப்பட்டது. கருவி மாறிவிட்டது, ஆனால் சுபாஷ் தேர்ந்தெடுத்த வழி அதுதான்.

கமிட்டி நம்ப மறுத்த மூன்று முடிவுகளும் சில வருஷங்களில் உலகின் வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டன.

தன் பட்டத்தை விட்டுக்கொடுத்த விஞ்ஞானி

1986 ஆகஸ்ட் 6-ம் தேதி மும்பை கே.இ.எம் மருத்துவமனையில் ஹர்ஷா பிறந்தபோது, இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை என்று அறிவிக்கப்பட்டது. அதைச் சாதித்தவர்கள் விஞ்ஞானி டி.சி. ஆனந்த் குமாரும் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும். முதல் சாதனை என்ற பெருமை அவர்கள் பெயரில் பதிவானது.

11 வருஷம் கழித்து ஆனந்த் குமார் ஒரு மாநாட்டுக்காக 1997-ல் கொல்கத்தா போனார். அங்கே சுபாஷ் எழுதி வைத்த ஆராய்ச்சிக் குறிப்புகள் அவர் கைக்குக் கிடைத்தன. உட்கார்ந்து படித்தார். துர்காவின் குடும்பத்தினரிடமும் பேசினார். இந்த வேலையைத் தானே செய்தவர் என்பதால், எது சாத்தியம், எது கதை என்று அவருக்குத் தெரியும். கமிட்டியில் இல்லாத அந்தத் தகுதி இவரிடம் இருந்தது.

சுபாஷ் சொன்னது உண்மைதான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். சும்மா இருந்திருந்தால் அவருடைய பட்டம் அவரிடமே இருந்திருக்கும். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனால் 1997 ஏப்ரலில் கரண்ட் சயின்ஸ் ஆய்விதழில் வெளிப்படையாகவே எழுதினார். இந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தையை உருவாக்கியவர் தான் அல்ல, சுபாஷ் முகர்ஜிதான் என்று அறிவித்தார். தன் கிரீடத்தைத் தானே கழற்றி, இறந்துபோன ஒருவர் தலையில் வைத்தார்.

அதன்பிறகுதான் நிலைமை மாறியது. 2000-களின் தொடக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், ஐ.சி.எம்.ஆர், சுபாஷின் பணியை அங்கீகரித்தது. துர்காவும் தன் 25-வது பிறந்தநாளையொட்டி வெளியே வந்து, அந்தக் குழந்தை தான்தான் என்று உலகத்துக்குச் சொன்னார். கனுப்ரியா என்பது அவரது இயற்பெயர்.

எட்வர்ட்ஸுக்கு 2010-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசை இறந்தவர்களுக்குக் கொடுப்பதில்லை. 1988-ல் இறந்த ஸ்டெப்டோவுக்கும் கிடைக்கவில்லை, 1985-ல் இறந்த அவர்களின் கூட்டாளி ஜீன் பர்டிக்கும் கிடைக்கவில்லை. சுபாஷ் பெயர் அந்தப் பேச்சிலேயே வரவில்லை.

சினிமாவான வாழ்க்கை

சுபாஷின் வாழ்க்கையால் தூண்டப்பட்டு எழுத்தாளர் ரமாபத சவுத்ரி வங்க மொழியில் ஒரு கதை எழுதினார். அதை வைத்து இயக்குநர் தபன் சின்ஹா 1990-ல் 'ஏக் டாக்டர் கி மௌத்' என்ற இந்திப் படத்தை எடுத்தார். ஒரு டாக்டரின் மரணம் என்று அர்த்தம். பங்கஜ் கபூர், ஷபானா ஆஸ்மி நடித்திருந்தார்கள். இளம் வயது இர்ஃபான் கானும் ஒரு பத்திரிகையாளராக வருவார். படத்தில் டாக்டர் கண்டுபிடிப்பது தொழுநோய்க்கான தடுப்பூசி. கண்டுபிடிப்பைத்தான் மாற்றினார்கள், அவர் பட்ட அவமானத்தை மாற்றவில்லை. தேசிய விருதும் கிடைத்தது. ஆனந்த் குமார் எழுதுவதற்கு ஏழு வருஷம் முன்பே, சுபாஷுக்கு நடந்தது அநியாயம் என்று இந்தப் படம் பேசிவிட்டது.

இன்று ஐ.வி.எஃப் சென்டரில் நடப்பது என்ன?

இன்று ஒரு பெண் ஐ.வி.எஃப் சிகிச்சைக்குப் போனால், வழக்கமாக முதலில் 8 முதல் 12 நாள் வரை ஹார்மோன் ஊசி போடுவார்கள். பல ஃபாலிக்கிள்கள் ஒரே சமயத்தில் வளர வேண்டும் என்பதற்காக. நடுவில் ஸ்கேன் எடுத்து அவற்றின் அளவைப் பார்ப்பார்கள். தேவையான அளவு வளர்ந்ததும் 'ட்ரிக்கர்' ஊசி. உடலில் எல்.ஹெச் எகிறும் வேலையை இந்த ஊசி செய்கிறது.

அந்த ஊசியை ராத்திரி இத்தனை மணிக்குச் சரியாகப் போட வேண்டும் என்று டாக்டர்கள் ஏன் கறாராகச் சொல்கிறார்கள் தெரியுமா? அதிலிருந்து 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். ரொம்ப முன்னால் எடுத்தால் முட்டை முதிர்ந்திருக்காது. தாமதித்தால் முட்டை தானாகவே வெளியேறிவிடும்.

எடுத்த பிறகும் முட்டையை உடலுக்குள் இருக்கும் நிலைமையிலேயே வைக்கப் பார்க்கிறார்கள். 37 டிகிரி வெப்பம் கொஞ்சம் குறைந்தாலும் குரோமோசோம்களைப் பிரிக்கும் நூல் போன்ற அமைப்பு குலைந்துபோகும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம். கருக்குழாய்க்குள் அதைவிட ரொம்பக் குறைவு. அதனால் பல லேப்களில் இன்குபேட்டரில் ஆக்சிஜனை 5 சதவீதமாகக் குறைத்து வைக்கிறார்கள். கருவின் தரத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது.

முட்டையை முதிராமலே எடுத்து லேபில் முதிர வைக்கும் முறையும் இருக்கிறது. ஐ.வி.எம் என்று பெயர். பி.சி.ஓ.எஸ் உள்ளவர்களுக்கு ஹார்மோன் ஊசியால் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட சிலருக்கு இது உதவுகிறது. ஆனால் வழக்கமான ஐ.வி.எஃப் அளவுக்கு இதில் வெற்றி விகிதம் பொதுவாக வருவதில்லை. எட்வர்ட்ஸ் 1960-களில் பார்த்த அதே சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

கருவை உறையவைத்து, கருப்பை தயாரான பிறகு வேறொரு மாதத்தில் வைப்பது இப்போது உலகம் முழுக்க சாதாரணம். ஃப்ரோசன் டிரான்ஸ்ஃபர் என்று சென்டர்களில் சொல்வது அதைத்தான். ஊசி போட்ட மாதத்தில் ஹார்மோன் அதிகமாக ஏறியிருந்தால், எல்லாக் கருக்களையும் உறையவைத்துவிட்டு அடுத்த மாதங்களுக்குத் தள்ளிப்போடுவார்கள். ஏன் உடனே வைக்காமல் தள்ளிப்போடுகிறார்கள் என்று பல தம்பதிகள் பதறுவது உண்டு. முட்டைக்கு ஒரு மாதம், கருப்பைக்கு வேறு ஒரு மாதம் என்று 1978-ல் சுபாஷ் போட்ட அதே கணக்குதான் அதற்குக் காரணம்.

(எந்தப் பிரச்சினைக்கும் தற்கொலை தீர்வு அல்ல. மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ இருந்தால், தமிழக அரசின் 104 சுகாதார உதவி எண்ணிலோ, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 எண்ணிலோ அழைத்து ஆலோசனை பெறலாம்.)